ஆடித் தள்ளுபடியில் சீர்ப் பொருட்களை முன்கூட்டியே வாங்கி வைக்கலாமா?

வரிசைத்தட்டு (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் பத்து நாட்களில் ஆடி பிறக்கப் போகிறது. இந்த ஆண்டு ஆவணி தொடங்கித் தை முடிவதற்குள் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து இடங்களுக்கு முறை செய்ய வேண்டியிருக்கிறது. ஆவணியில் நாத்தனார் மகளுக்குத் திருமணம். என் கணவர் தாய்மாமன் என்பதால் அந்தச் சீரில் குறை வைக்க முடியாது. ஐப்பசியில் கொழுந்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா, கார்த்திகையில் என் தங்கைக்கு வளைகாப்பு, தையில் கணவருடைய சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. நடுவில் தீபாவளி வருகிறது. மாமியாரைக் கவனித்துக்கொள்ள உதவிக்கு வரும் அம்மாவுக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் துணி எடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். தங்கத்துக்கான பணம் இதில் சேராது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் முதல் வாரத்தில் ஓடிப்போய் வாங்கினால் இந்தத் தொகை போதாது என்பது அனுபவத்தில் தெரியும். அதனால் ஆடித் தள்ளுபடியிலேயே முடிந்தவற்றை வாங்கி வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் சென்ற ஆண்டு இதே எண்ணத்தோடு போய், "இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்" என்ற பலகையைப் பார்த்து ஆறு புடவைகள் எடுத்து வந்தேன். அவற்றில் மூன்று இன்றும் பீரோவில் இருக்கின்றன. யாருக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், இது அவருக்குப் பிடிக்காது, இது இவருடைய வயதுக்குப் பொருந்தாது என்று தோன்றித் திரும்ப உள்ளே போய்விடுகின்றன.

எந்தப் பொருளை முன்கூட்டியே வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, தள்ளுபடி உண்மையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஜவுளிக்காரர் (மதுரை)

சகோதரிக்கு வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் ஜவுளிக் கடைகளில் வேலை பார்த்தவன் நான். அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் கொள்முதல் பிரிவில் இருந்தேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது தெளிந்தால் மற்றவை எளிதாகிவிடும்.

ஆடியில் தள்ளுபடி ஏன் வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆடியில் முகூர்த்தம் வைப்பதில்லை, எனவே கல்யாண ஜவுளி எடுக்க யாரும் வருவதில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லுக்கேற்ப விவசாயிகள் கையில் இருந்த பணத்தையெல்லாம் விதைக்கும் உழவுக்கும் போட்டுவிடுவார்கள். கடைக்கோ அப்போதுதான் தீபாவளிச் சரக்குக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய நெருக்கடி. அலமாரியில் இடமும் வேண்டும், கையில் பணமும் வேண்டும். அதனால் தங்கிப்போன சரக்கை விலை குறைத்துத் தள்ளிவிட்டார்கள். இந்த அளவில் ஆடித் தள்ளுபடி நேர்மையான வியாபாரம்தான். அதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் கூட்டம் பெருகப் பெருக, தங்கிய சரக்கு மட்டும் ஒரு மாதத்துக்குப் போதவில்லை. எனவே ஆடிக்கென்றே தனியாகச் சரக்கு வரவழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. நான் பார்த்த வரையில் அந்தச் சரக்கு நெருக்கம் குறைந்த நெசவாகவும் சாயம் உறுதியற்றதாகவும் இருக்கும். ஒட்டியிருக்கும் அதிகபட்ச விலை மட்டும் பெரியதாக இருக்கும். அதிலிருந்து பாதியைக் குறைத்து எழுதுவார்கள். இரண்டு வகைச் சரக்கும் ஒரே மேசையில்தான் கிடக்கும். நீங்கள் தேட வேண்டியது தங்கிய சரக்கை.

எப்படிப் பிரித்தறிவது? ஒரே மாதிரிச் சட்டையில் எல்லா அளவும் எல்லா நிறமும் ஒழுங்காக அடுக்கியிருந்தால் அது பெரும்பாலும் ஆடிக்கு வந்தது. ஓர் அளவு இருந்து அடுத்தது இல்லாமல், நாலு நிறத்தில் இரண்டு மட்டும் மிஞ்சியிருந்தால் அது தங்கியது. பொட்டலமாக வரும் ஆயத்த ஆடைகளில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். எல்லாவற்றையும்விட நல்ல வழி, ஆனியின் கடைசி வாரத்தில், அதாவது இப்போதே, ஒருமுறை கடைக்குப் போய் உங்களுக்கு வேண்டிய பொருளின் விலைச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வருவது. ஆடி முதல் வாரத்தில் அதே பொருளைத் தேடிப் பாருங்கள். உங்கள் கைப்பேசியில் இருக்கும் விலையிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே உங்களுக்கான தள்ளுபடி. பலகையில் எழுதிய சதவீதத்தை அதன் பிறகு நீங்கள் பார்க்கவே தேவையில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். "ஐம்பது சதவீதம், அதன் மேல் இருபது சதவீதம்" என்றால் எழுபது ஆகாது. ஆயிரம் ரூபாய்ப் பொருள் ஐந்நூறாகும், அந்த ஐந்நூறில் இருபது சதவீதம் நூறு ரூபாய். நீங்கள் கொடுப்பது நானூறு, ஆக மொத்தம் அறுபது சதவீதம்தான். நீங்கள் எடுத்த "இரண்டுக்கு ஒன்று இலவசம்" என்பது மூன்றில் ஒரு பங்குக் கழிவு, அதுவும் மூன்றாவது புடவை உங்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டால் மட்டும். உங்கள் பீரோவில் மூன்று கிடக்கின்றன என்றால், மற்ற மூன்றை நீங்கள் கழிவு இல்லாத விலையைவிடவும் அதிகம் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

காலையில் கடை திறந்ததும், வார நாளில் போங்கள். புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்துப் பாருங்கள். பொம்மைக்குக் கட்டியிருந்த புடவை என்றால் மேல் மடிப்பு மட்டும் வெளுத்திருக்கும். நீளத்தையும் கேளுங்கள். புடவை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி எண்பது சென்டிமீட்டர், இரண்டும் சேர்ந்து ஆறே கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். தள்ளுபடி மேசையில் ரவிக்கைத் துணி இல்லாத புடவைகளும் கலந்திருக்கும். சீரில் வைத்த பிறகு அது தெரிந்தால் கொடுத்தவருக்குத்தான் சங்கடம்.

தறிவீடு (காஞ்சிபுரம்)

ஐயா சொன்னவை எல்லாம் சரி. பட்டைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி இருக்கிறது.

பட்டுப் புடவையை நான்கைந்து மாதம் முன்பே வாங்கி வைப்பதில் தவறில்லை. ஆனால் "என்றைக்காவது உதவும்" என்று ஆண்டுக்கணக்கில் வைத்துவிட்டுப் பரிசாகக் கொடுக்காதீர்கள். மடிப்பு ஒரே இடத்தில் இருந்தால் அந்தக் கோட்டில் இழை நைந்துவிடும், சரிகையும் கறுக்கும். கொடுத்தவருக்குத் தெரியாது, கட்டியவருக்குத்தான் ஒருநாள் பந்தியில் எழுந்திருக்கும்போது கிழியும். வாங்கியதும் பிளாஸ்டிக் உறையையும் அட்டைப் பெட்டியையும் அகற்றிவிட்டு, துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக் கூடாது. அதற்குப் பதில் வசம்பைத் துணியில் முடிந்து ஓரமாக வைக்கலாம்.

தள்ளுபடி மேசையில் "பட்டு" என்று எழுதியிருப்பதெல்லாம் பட்டு அல்ல. மத்தியப் பட்டு வாரியம் 2004-ஆம் ஆண்டு தொடங்கிய சில்க் மார்க் சீட்டு புடவையில் தொங்குகிறதா என்று பாருங்கள். அந்தச் சீட்டு நூல் தூய பட்டு என்பதற்குத்தான் உத்தரவாதம், சரிகைக்கு அல்ல. சரிகை எது என்பதைத் தனியாகக் கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஆடியிலேயே முடித்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளியை ஒட்டி முப்பது சதவீதம் தள்ளுபடி கொடுப்பது வழக்கம். கதர்க் கடைகளில் காந்தி ஜெயந்தியன்று தள்ளுபடி விற்பனை தொடங்கும். உங்கள் கார்த்திகை வளைகாப்புக்கும் தைக் காதுகுத்துக்கும் அந்தச் சமயத்தில் எடுத்தால் போதும். அங்கே எடுக்கும் புடவை கைத்தறியாக இருக்கும், நெய்தவருக்கும் ஒரு கூலி போய்ச் சேரும். இதைச் சொல்வதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு என்பதை மறைக்கவில்லை.

செம்பருத்தி (சேலம்)

நான் இங்கே வேறு கருத்தைச் சொல்லப் போகிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் புடவை வைத்தார். விழா முடிந்து பிரித்துப் பார்த்தபோது, உள் மடிப்பில் "ஆடித் தள்ளுபடி" என்ற சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. விழா நடந்ததோ மாசி மாதம். எனக்கு விலையைப் பற்றி வருத்தம் இல்லை. என் மகளை நினைத்து எடுத்த புடவை அல்ல அது, யாருக்காவது ஆகும் என்று எடுத்து, எங்களுக்கு வந்து சேர்ந்தது என்று புரிந்ததுதான் வருத்தம். அவள் ஒருமுறைகூட அதைக் கட்டவில்லை.

முன்கூட்டியே வாங்கிக் குவிக்கும்போது நாம் மனிதர்களை மறந்துவிட்டுப் பொருளைப் பார்க்கத் தொடங்குகிறோம். அதோடு பணமும் முடங்குகிறது. ஆடியில் இருபதாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கிவிட்டு, புரட்டாசியில் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் அட்டையைத் தேய்த்தால், தள்ளுபடியில் மிஞ்சியது வட்டியில் போய்விடும். அந்தந்த நேரத்தில் மொய்யாகப் பணம் வைத்துவிட்டால் வாங்குபவருக்கும் பயன், கொடுப்பவருக்கும் நிம்மதி என்பது என் எண்ணம்.

மொய்நோட்டு (பேராவூரணி)

செம்பருத்தி அம்மா சொன்ன வருத்தம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து மொய்ப் பணம் மட்டும்தானா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணி என்றாலே மொய் விருந்துக் காலம். பணம் வைப்பதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் தாய்மாமன் சீருக்குத் தட்டு தூக்கித்தான் போகிறோம். பணத்தை நோட்டில் எழுதிக்கொள்வார்கள், தட்டில் வரும் புடவையை மேடையில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்வது இதுதான். மொய் நோட்டின் பின்பக்கத்தில் அந்த ஆண்டில் செய்ய வேண்டிய முறைகளை என் மனைவி எழுதிவிடுவார். யாருக்கு, எந்த மாதம், அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள், அவருக்கு என்ன நிறம் பிடிக்கும், குழந்தை என்றால் என்ன வயது என்று ஒரு வரி. நோட்டில் பெயர் இல்லாத யாருக்கும் தள்ளுபடியில் ஒரு கைக்குட்டைகூட எடுப்பதில்லை. கடைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போவோம். ஒரு புடவை கண்ணில் பட்டால், "இது யாருடையது?" என்று கேட்பார், பதில் உடனே வராவிட்டால் மேசையிலேயே வைத்துவிடுவோம். வரிசைத்தட்டு சகோதரி அந்த ஆறு புடவைகளை எடுத்தபோது பெயர் சொல்லி எடுத்திருந்தால் மூன்று மிஞ்சியிருக்காது என்று நினைக்கிறேன்.

விலைச்சீட்டை வீட்டுக்கு வந்த அன்றே கிழித்துவிடுவதும் எங்கள் வழக்கம். பில்லை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துவோம்.

கம்பிச்சுருள் (கோவை)

வீட்டு உபயோகப் பொருட்கள் பழுது பார்ப்பவன் நான். ஜவுளியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் புதுமனை புகுவிழா என்று படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் அதற்கு எல்லோரும் மிக்ஸி, கிரைண்டர், குக்கர் என்றுதான் யோசிப்பார்கள்.

மின்சாரப் பொருளை முன்கூட்டியே வாங்கிப் பரணில் வைக்காதீர்கள். உத்தரவாதக் காலம் பில் போட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என்னிடம் மிக்ஸி கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்பு, பிரித்துப் பயன்படுத்தி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, மோட்டார் புகைந்துவிட்டது. கொடுத்தவரிடம் தயங்கித் தயங்கிப் பில் கேட்டு வாங்கிப் பார்த்தால், அவர் அதைப் பதினான்கு மாதங்களுக்கு முன் தள்ளுபடியில் வாங்கியிருக்கிறார். ஓராண்டு உத்தரவாதத்தில் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே கழிந்து, பழுது வந்தபோது அது முடிந்துபோயிருந்தது. எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், அதைப்போல் இரண்டு மடங்கு செலவு அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. விசேஷத்துக்கு ஒரு மாதத்துக்கு முன் வாங்கினால் போதும். பில்லின் நகலையும் முத்திரை போட்ட உத்தரவாத அட்டையையும் பெட்டிக்குள் வைத்தே கொடுங்கள். விலை தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட வேண்டாம், பழுது வந்தால் அந்தக் காகிதம்தான் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

தள்ளுபடியில் குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி வாங்குபவர்களுக்கும் ஒரு செய்தி. நட்சத்திரக் குறியீட்டுச் சீட்டில் அது எந்தக் காலம் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவார்கள். 2022 ஜூலையில் குளிர்சாதனங்களுக்கு அப்படி மாற்றியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்த மாதிரிகள் நான்காக இறங்கின. பழைய சீட்டோடு தங்கிய பெட்டி கடையின் மூலையில் "ஐந்து நட்சத்திரம், பெரிய தள்ளுபடி" என்று நிற்கலாம். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. நான்கு நட்சத்திர விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள். காட்சிக்கு வைத்த பொருளை மட்டும் பரிசாக வாங்காதீர்கள், நம் வீட்டுக்கு என்றால் வேறு விஷயம்.

குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள ரப்பர் வளையமும் கிடந்தே இறுகும் பொருள்தான். முன்கூட்டியே வாங்கிப் பயமில்லாமல் வைக்கக்கூடியவை எவர்சில்வர், பித்தளை, வெண்கலம். குத்துவிளக்கை நான்கு வருடம் வைத்திருந்தாலும் புளி போட்டுத் துலக்கினால் புதிதாகிவிடும். ஆனால் இவற்றை எடை போட்டு விற்கும் கடைகளில் பெரிய தள்ளுபடி வராது, வந்தால் எடையை ஒருமுறை சரிபாருங்கள்.

செம்பருத்தி (சேலம்)

மொய்நோட்டு ஐயா சொன்னதைப் படித்த பிறகு என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். பெயர் எழுதி எடுத்தால் நான் சொன்ன குறை வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு வந்த புடவையும் சிவப்பு நிறமாக இல்லாமல், என் மகளுக்குப் பிடித்த நீலமாக இருந்திருந்தால், அந்தச் சீட்டை நான் கவனித்திருக்கவே மாட்டேனோ என்னவோ. ஆனால் கடன் அட்டையில் வாங்கக் கூடாது என்பதில் மாறவில்லை. ஒதுக்கிய நாற்பதாயிரமும் இப்போதே கையில் இருக்கிறதா, அல்லது மாதாமாதம் சேரப் போகிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஆடியில் எவ்வளவு வாங்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

நுகர்வோர் மேசை (சென்னை)

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். தள்ளுபடிப் பில்களில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பலர் குறையுள்ள பொருளைக்கூடத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் முப்பது நாட்களுக்குள் கொண்டுபோக வேண்டும். பில் கொடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. தள்ளுபடியில் வாங்கினோம் என்பதால் இந்த உரிமை போய்விடாது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. அது கடையின் விருப்பம்.

முன்கூட்டியே வாங்குபவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆடியில் வாங்கிய புடவையைத் தையில் பிரித்துப் பார்த்து, முந்தானையில் ஓட்டை இருக்கிறது என்று கண்டால், முப்பது நாட்கள் என்றோ கடந்திருக்கும். எனவே பரிசுப் பொருள் என்று பொதியாமல், வாங்கிய அன்று மாலையே முழுவதுமாக விரித்துப் பாருங்கள். குக்கரைத் திறந்து எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பில்லைப் படம் எடுத்து வையுங்கள், சில பில்களில் எழுத்து ஆறு மாதத்தில் அழிந்துவிடுகிறது. கடைக்காரர் இணங்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

பழைய ஜவுளிக்காரர் (மதுரை)

மேலே சொன்னதற்கு நான் சாட்சி. குறையுள்ள பொருளைப் பத்து நாளில் கொண்டுவந்தால் பெரும்பாலான கடைகளில் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்போம். ஏனென்றால் அதைக் கொடுத்த உற்பத்தியாளரிடம் நாங்களும் திருப்பிவிட முடியும். மாதங்கள் கழிந்தால் அந்த வழி எங்களுக்கும் அடைபட்டுவிடும்.

ஆயத்த ஆடை வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் ஆடையின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். எனவே சென்ற ஆண்டு ஆடியில் எடுத்த பில்லை வைத்துக்கொண்டு இந்த ஆண்டு விலையை ஒப்பிடும்போது, வரி எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசைத்தட்டு (திருச்சி)

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. செம்பருத்தி அம்மா கேட்டதற்குப் பதில்: இருபத்திரண்டாயிரம் கையில் இருக்கிறது, மீதி தீபாவளி போனஸில் வரும். ஒரு சிறு கேள்வி. நாத்தனார் மகளுக்கு ஒரு பவுனில் சங்கிலி போட வேண்டும். ஆடிப்பெருக்கன்று நகைக் கடைகளில் சலுகை என்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்கலாமா?

நுகர்வோர் மேசை (சென்னை)

சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கத்தின் விலையில் யாரும் தள்ளுபடி தருவதில்லை. செய்கூலி, சேதாரத்தில்தான் தருகிறார்கள். எட்டு கிராம் சங்கிலிக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 0.96 கிராம். அதில் பாதியைக் கழிக்கிறோம் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 0.48 கிராமின் விலை. இடையில் தங்கம் கிராமுக்கு எவ்வளவு ஏறும், இறங்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. எனவே சேதாரம் எத்தனை சதவீதம் என்று இரண்டு மூன்று கடைகளில் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சலுகைக்கு முன்பே ஒரு கடையில் எட்டு சதவீதம் என்றால், பன்னிரண்டில் கால் பங்கு கழிக்கும் கடைக்கு நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. 22 காரட் தங்கத்தைக் குறிக்கும் 916 என்ற எண்ணோடு, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட ஹெச்.யூ.ஐ.டி. குறியீடும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. மொத்தத் தொகையின் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி சேரும்.

ஊசிநூல் (கும்பகோணம்)

தையல் வேலை செய்கிறேன். காதுகுத்துக் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். குழந்தைகளுக்குத் தைத்த உடையை ஆறு மாதம் முன்பு வாங்குவது மிகவும் தவறும் இடம். இப்போது ஒரு வயது என்றால் தையில் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தாயாலேயே சொல்ல முடியாது. அளவு பெரிதாக எடுத்தால் கழுத்து தொங்கும், சிறிதாக எடுத்தால் கையில் ஏறாது. மலிவான உடையில் இடுப்பு எலாஸ்டிக் பீரோவிலேயே தளர்ந்துபோவதையும் பார்த்திருக்கிறேன்.

தள்ளுபடியில் துணியாக எடுங்கள். பட்டுப் பாவாடைத் துணியும் சட்டைத் துணியும் எடுத்து வைத்துவிட்டு, விழாவுக்கு மூன்று வாரம் முன்பு அளவு கேட்டுத் தையுங்கள். பாவாடையின் அடியில் இரண்டு உள்மடிப்பு வைத்துத் தைக்கச் சொன்னால், பிரித்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று வருடம் போடலாம். தீபாவளிக்கு உதவிக்கு வரும் அம்மாவின் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அவர்கள் வளர்ந்த பிள்ளைகள் என்றால் அவர்களையே கடைக்கு அழைத்துப்போய், ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்குள் அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பிடிப்பதில்லை.

வரிசைத்தட்டு (திருச்சி)

ஆடி ஆறாம் நாள் போய்வந்துவிட்டேன். விவரத்தை எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன்.

ஆனி இருபத்தெட்டில் என்.எஸ்.பி. சாலையில் மூன்று கடைகளில் ஏறி, பதினோரு பொருட்களின் விலைச்சீட்டைப் படம் எடுத்து வந்தேன். ஆடியில் போனபோது அந்தப் பதினொன்றில் நான்கு மட்டுமே உண்மையாகக் குறைந்திருந்தன. இரண்டில் பழைய சீட்டின் மேல் புதிய சீட்டு ஒட்டி, தள்ளுபடிக்குப் பிறகும் பழைய விலையே வந்தது. மீதியுள்ளவை மேசையில் இல்லவே இல்லை.

நாத்தனார் மகளுக்கு மயில் கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை, சில்க் மார்க்கோடு, 9,200 ரூபாயிலிருந்து 6,900-க்குக் கிடைத்தது. உதவிக்கு வரும் அம்மாவுக்கு அவர் விரும்பும் சுங்குடிப் புடவை ஒன்று. காதுகுத்துக் குழந்தைக்கு இரண்டு மீட்டர் பட்டுத் துணி. இவ்வளவுதான். கொழுந்தனார் வீட்டுக்குக் குத்துவிளக்கு என்று முடிவு செய்து, அவர் மனைவியிடம் ஏற்கெனவே யாரேனும் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டேன். அதைப் புரட்டாசிக் கடைசியில் எடுத்துக்கொள்வேன். தங்கைக்குக் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடி வரும்போது அவளையே அழைத்துப் போகிறேன். கையில் இன்னும் பதின்மூன்றாயிரம் மீதி இருக்கிறது.

பீரோவில் கிடந்த மூன்று புடவைகளையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் மடிப்பில் வெளுப்பு. அதை நானே வீட்டில் கட்டிக்கொள்கிறேன். மற்ற இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. என் மாமியார் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இதைத்தான் நான் கேட்கலாம் என்று இருந்தேன்" என்று சொன்னார். ஒரு வருடமாக என்னிடம் அவர் கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை.

தறிவீடு அவர்களுக்கு ஒரு கேள்வி. புடவையை வேட்டியில் சுற்றிவிட்டேன். திருமணத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் மடிப்பு மாற்ற வேண்டுமா?

தறிவீடு (காஞ்சிபுரம்)

ஐந்து வாரத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு வெளியே எடுத்து நிழலில் ஒரு மணி நேரம் விரித்து வையுங்கள். வசம்பு வாசனை போய்விடும். முந்தானை மேலே தெரியும்படி மடித்துத் தட்டில் வையுங்கள். பில்லும் சில்க் மார்க் சீட்டும் உங்களிடமே இருக்கட்டும், ரவிக்கை தைக்கும்போது சரிகையைப் பற்றி ஏதேனும் கேள்வி வந்தால் நாத்தனாரிடம் கொடுங்கள்.